காஷ்மீரா, லடாக்கா, ஸ்பிதியா? மலைப் பயணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, காஷ்மீருக்குத் திட்டமிட்டிருந்தவர்களில் பலர் லடாக் பக்கம் திரும்பினார்கள். அந்தச் செப்டம்பர் 24 அன்று லடாக்கின் லே நகரில் போராட்டம் வன்முறையாகி, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஊரடங்கு வந்தது, இணையமும் நின்றது. லடாக்குக்கு மாறியவர்கள் அடுத்து "அப்போ ஸ்பிதி போகலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எந்த இடம் பாதுகாப்பானது என்ற கேள்விக்கு ஒரே வரியில் யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. பயணம் முறிந்தால் எப்படி முறியும், எத்தனை நாள் போகும், எவ்வளவு பணம் போகும், மாற்று வழி உண்டா என்று கேட்டால் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் பாதி மலையைப் பொறுத்தது. மீதி, அந்த மண்ணை இப்போது யார் ஆள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

## யார் ஆள்கிறார்கள்

2019 அக்டோபர் 31 வரை காஷ்மீரும் லடாக்கும் ஒரே மாநிலம். அன்றிலிருந்து இரண்டு யூனியன் பிரதேசங்கள்.

ஜம்மு காஷ்மீருக்குச் சட்டமன்றம் உண்டு. 2024 தேர்தலுக்குப் பின் உமர் அப்துல்லா முதல்வரானார். ஆனால் காவல்துறையும் பொது ஒழுங்கும் அந்தச் சட்டமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை, துணைநிலை ஆளுநர் கையில் இருக்கின்றன. சுற்றுலாத் துறை "வாருங்கள்" என்று அழைக்கும் அதே நாளில் பாதுகாப்புத் தரப்பு ஒரு புல்வெளியைப் பூட்டலாம். இரண்டும் வேறு வேறு அதிகாரங்கள். பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பள்ளத்தாக்கில் 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பிறகு கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டன. அடுத்த மாதமே முதல்வர் தன் அமைச்சரவைக் கூட்டத்தைப் பஹல்காமில் நடத்தினார். சுற்றுலாவை மீட்க அவரால் அழைக்க முடிந்தது, பூட்டைத் திறக்கும் முடிவு அவரிடம் இல்லை.

லடாக்குக்குச் சட்டமன்றமே கிடையாது. லே, கார்கில் இரண்டுக்கும் தனித்தனி மலை வளர்ச்சி மன்றம் உண்டு. லே மன்றம் 1995இலும் கார்கில் மன்றம் 2003இலும் வந்தவை. அதற்கு மேல் எல்லாம் துணைநிலை ஆளுநரும் டெல்லியும்தான். மாநில அந்தஸ்தும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் வேண்டும் என்பது அங்கே பௌத்தர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கை. லேயில் நடந்த போராட்டமும் இதற்காகத்தான்.

ஸ்பிதி இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. 1971 முதல் முழு மாநிலம், கேள்வி கேட்க சட்டமன்ற உறுப்பினர் உண்டு. சீன எல்லை பக்கத்தில்தான் என்றாலும் ஆட்சி அமைப்பில் அண்மைக் காலக் குழப்பம் எதுவும் இல்லை. இங்கே பாதையை மறிப்பவை மழையும் பனியும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, உறங்கும் இடத்தின் உயரம். பகலில் எந்தக் கணவாயைத் தாண்டினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதுதான் உடம்பைத் தீர்மானிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது.

அடுத்தது, முறிவின் தன்மை. ஒரு இடம் மூடப்பட்டால் ஒரு பகல் போகும், விமான நிலையம் மூடப்பட்டால் மொத்தப் பயணமும் போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மூன்றாவது அனுமதி, வண்டி, போன் ஆகிய சில்லறை விதிகள். நான்காவது, பேக்கேஜ் விலையில் காட்டாத செலவு. கடைசியாக, நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது. மக்கள் தங்கள் நிலத்தின் மேல் சொல் உரிமை கேட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு விருந்தாளியாகப் போகிறோம். இதைக் கணக்கில் எடுக்காமல் போவது சரியில்லை.

| | காஷ்மீர் | லடாக் | ஸ்பிதி |
|---|---|---|---|
| தங்கும் உயரம் | ஸ்ரீநகர், சுமார் 1,600 மீ | லே, சுமார் 3,500 மீ | காஜா, 3,600 மீட்டருக்கு மேல் |
| சென்னையிலிருந்து போய்வர | 7 நாள் | 9 நாள் | 11 நாள் |
| வெளிமாநில ப்ரீபெய்டு சிம் | எடுக்காது | எடுக்காது | எடுக்கும் |
| இந்தியருக்கு அனுமதி | தேவையில்லை | எல்லைப் பகுதிக்குக் கட்டண ரசீது | தேவையில்லை |
| முறிவுக்கு வழக்கமான காரணம் | பாதுகாப்பு மூடல் | விமான ரத்து, ஊரடங்கு | நிலச்சரிவு |

நாள் கணக்கு நிதானமாகப் போய்வருவதற்கானது. இதைவிடக் குறைத்துச் சொல்லும் ஏஜென்ட் லடாக்கிலும் ஸ்பிதியிலும் உங்கள் ஓய்வு நாளைத்தான் வெட்டியிருப்பார்.

## காஷ்மீர் பள்ளத்தாக்கு

வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பம் என்றால், உயரத்தை மட்டும் வைத்தே காஷ்மீர் முன்னால் நிற்கும். ஸ்ரீநகரில் மூச்சு வாங்காது. குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர்தான். அங்குள்ள கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். இதய நோய் உள்ளவர்கள் முதல் கட்டமான கொங்தூரியோடு திரும்பிவிடுவது நல்லது. கோண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே போய் "எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு உள்ளூர் டாக்ஸி. ஸ்ரீநகரில் பேசிய கார் உங்களைப் பஹல்காம் வரை கொண்டுவிடும். அங்கிருந்து ஆரு, பேதாப், சந்தன்வாடிக்கு அந்த ஊர் டாக்ஸி ஓட்டுநர் யூனியன் வண்டிதான் எடுக்க வேண்டும். சோன்மார்க்கிலிருந்து ஜோஜிலா கணவாய் பக்கம் போகவும் அப்படியே. குளிர்காலத்தில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்குச் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டி தேவைப்படும். அதோடு குதிரை, ஸ்லெட்ஜ், வாடகை பூட்ஸ். பேக்கேஜில் "சைட்சீயிங் உட்பட" என்று இருந்தால், இந்த யூனியன் வண்டிகளும் உட்படவா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. யூனியன் கட்டணப் பலகை ஸ்டாண்டிலேயே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். அந்தக் காசு அந்த ஊர்க்காரர்களுக்கே போகிறது. பைசரனில் இறந்தவர்களில் சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்றப் போராடிய உள்ளூர் குதிரைக்காரர் ஒருவரும் உண்டு. அந்தத் தாக்குதலுக்குப் பின் முதலில் வருமானம் இழந்தவர்களும் இவர்களே.

முறிவு எப்படி வரும்? பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்கள் மூடப்படும், ஸ்ரீநகர் இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் எல்லா இரவுகளையும் ஸ்ரீநகரிலோ, ஸ்ரீநகரும் பஹல்காமும் என இரண்டே ஊர்களிலோ வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பகல் பயணமாகப் போங்கள். ஒரு இடம் பூட்டினால் வேறு திசையில் கிளம்பலாம், ஹோட்டல் பணம் போகாது. தினம் ஓர் ஊரில் தங்கும் திட்டம் இங்கே வேண்டாம்.

மொத்தமாக முறிந்ததும் உண்டு. 2019 ஆகஸ்ட் 2 அன்று பயணிகள் உடனே பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறச் சொல்லப்பட்டது. அந்த அறிவுரையை அக்டோபரில்தான் விலக்கினார்கள். 2025 மே மாதம் ஸ்ரீநகர், லே உட்பட வட இந்திய விமான நிலையங்கள் சில நாட்கள் மூடப்பட்டன. இப்படி நேர்ந்தால் தரை வழி ஒன்று கையில் வேண்டும். அதில் காஷ்மீர் இப்போது மேம்பட்டிருக்கிறது. 2025 ஜூனிலிருந்து கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, மூன்று மணி நேரம். கன்னியாகுமரியிலிருந்து வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கத்ரா வரை போகிறது. கத்ராவில் இறங்கிச் சோதனை முடித்து வண்டி மாற வேண்டும், நடுவில் நிறைய இடைவெளி வையுங்கள், முடிந்தால் ஓர் இரவு. ஆனால் ரயிலையே முழுதாக நம்பவும் கூடாது. 2025 ஆகஸ்ட் கடைசியில் ஜம்மு பக்கம் கொட்டிய மழையில் ரயிலும் நெடுஞ்சாலையும் சேர்ந்தே நின்றன.

ஜூலை, ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரை நடக்கும்போது வாகன அணிவகுப்புக்காகப் பஹல்காம், சோன்மார்க் சாலைகளில் மணிக்கணக்கில் நிறுத்துவார்கள். யாத்திரைக்குப் போகாதவர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை அல்லது செப்டம்பர், அக்டோபரில் போவது நல்லது.

"கோடிக்கணக்கில் மக்கள் வருகிறார்கள், பயமில்லை" என்று காட்டப்படும் எண்ணிக்கையைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். 2024க்கு ஜம்மு காஷ்மீர் அரசு சொன்ன 2.36 கோடியில் வைஷ்ணோ தேவி பக்தர்களும் அடக்கம். அவர்களில் பெரும்பாலோர் ஜம்மு பக்கத்தோடு திரும்புபவர்கள்.

## லடாக்

மூன்றில் அதிகம் திட்டமிட வேண்டியது இதுதான். நிறைய பேர் தவறுவதும் இங்கேதான்.

கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையிலிருந்து கிளம்பி, டெல்லியில் ஓர் இரவு தங்கி, அடுத்த காலையில் 3,500 மீட்டரில் இறங்குகிறோம். லே விமானங்கள் பெரும்பாலும் அதிகாலையும் முற்பகலும்தான். பிற்பகலில் காற்று பலமாகும், வெப்பம் ஏறினால் அந்த உயரத்தில் விமானத்துக்கு ஏறும் சக்தி குறையும். அதனால் டெல்லியில் ஓர் இரவு விடுதிச் செலவு கட்டாயம், பேக்கேஜில் இது இருக்காது. வானிலை கெட்டால் அன்றைய விமானம் ரத்து. திரும்பும் வழியில் டெல்லி-சென்னை டிக்கெட்டை அதே நாளில் தனியாகப் போட்டிருந்தால் அது வீண். ஒரே பிஎன்ஆரில் எடுங்கள், முடியாவிட்டால் மறுநாளுக்குப் போடுங்கள்.

லேயில் முதல் 48 மணி நேரம் ஓய்வு. அறையில் படுத்திருப்பது, பக்கத்துத் தெருவில் மெல்ல நடப்பது, அவ்வளவுதான். சாந்தி ஸ்தூபியின் படிகளைக்கூட முதல் நாள் ஏற வேண்டாம். மருத்துவரைக் கேட்டு, உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, லேயில் இறங்குவதற்கு முந்தின நாளிலிருந்து தொடங்கலாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தலைவலியும் குமட்டலும் இருந்தால் அதே உயரத்தில் நில்லுங்கள், மேலே போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலும் விரல்நுனியும் தொட்டுத்தொட்டு நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ உடனே இறங்க வேண்டும், இரவானாலும். கடையில் விற்கும் ஆக்சிஜன் கேன் சில நிமிடத்துக்கு மேல் வராது.

மூன்றாம் நாள் நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போங்கள். வழியிலுள்ள கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல் என்றாலும் நூப்ராவில் உறங்கும் இடம் லேயைவிடத் தாழ்வு, அதனால் முதலில் அது. கணவாயில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். அங்கிருந்து ஷியோக் ஆற்றுச் சாலை வழியாக நேரே பாங்காங் ஏரிக்குப் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் ஆனால் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும், அந்தச் சாலையைக் காலையிலேயே கடக்க வேண்டும். பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே உறங்குவது கட்டாயமில்லை. சிறு குழந்தை இருந்தால் ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே லே திரும்பிவிடுங்கள்.

சாலை வழியாகப் போவதென்றால் ஸ்ரீநகர் வழி உடம்புக்கு நல்லது. ஸ்ரீநகர் 1,600, கார்கில் சுமார் 2,700, பிறகு லே என்று படிப்படியாக ஏறும். மணாலி வழியில் சார்ச்சுவில் கிட்டத்தட்ட 4,300 மீட்டரில் இரவு தங்க வைப்பார்கள். பழகாத உடம்போடு அந்த இரவு மோசமாகப் போகும். பெட்ரோலும் கவனிக்க வேண்டும். மணாலி வழியில் தாண்டி என்ற ஊரில் நிரப்பினால் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று பலகையே இருக்கிறது. ஆனால் ஸ்ரீநகர் வழியைத் தேர்ந்தால் இரண்டு யூனியன் பிரதேசங்களின் மூடல்களுக்கும் நீங்கள் ஆட்படுகிறீர்கள், ஜோஜிலாவின் போக்குவரத்து நேரக் கட்டுப்பாடு தனி.

அனுமதி விஷயத்தில் ஆட்சி மாற்றம் ஒரு வசதியைக் கொடுத்தது. 2021 ஆகஸ்டிலிருந்து நூப்ரா, பாங்காங் போன்ற இடங்களுக்கு இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதி தேவையில்லை. சுற்றுச்சூழல் கட்டணம் மட்டும் ஆன்லைனில் கட்டிய ரசீது வேண்டும். அதை மூன்று பிரதி அச்செடுங்கள், ஆதாரோடு சேர்த்து. சோதனைச் சாவடியில் இணையம் இருக்காது. எல்லைப் பகுதிகளில் விதி சட்டென்று மாறும், கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டியில் விதி கடுமை. சொந்தக் கார், சொந்த பைக்குக்குத் தடையில்லை. மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த வண்டி லே வரை வரலாம், அதற்கு மேல் நூப்ராவுக்கும் பாங்காங்குக்கும் போகவிட மாட்டார்கள். லேயில் பதிவான பைக்கோ யூனியன் டாக்ஸியோ எடுக்க வேண்டும். இரண்டு வாடகை சேர்ந்து விழும், இதைத் தெரியாமல் போய் மாட்டுபவர்கள் அதிகம். கோபப்படும் முன் உள்ளூர்க்காரர் பக்கத்தையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 2.74 லட்சம் மக்கள் இருந்த பிரதேசத்துக்கு 2022இல் ஒரே ஆண்டில் 5 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள். 2019க்கு முன் நிலத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு போய்விட்டது. 2025 ஜூனில் வந்த விதிகள் வேலையில் 85 சதவீத ஒதுக்கீடு கொடுத்தன, நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த யூனியன் விதி இருப்பதால்தான் சுற்றுலாக் காசு இன்னும் உள்ளூரிலேயே சுற்றுகிறது.

அதனால் லடாக் குடும்பம் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் தங்குங்கள். முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா, உலர் கழிவறை இருக்கிறதா? ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் ஊரில் ஃப்ளஷ் செய்யும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் நிலத்தடியிலிருந்து உறிஞ்சியது, செப்டிக் குழியிலிருந்து அந்த நிலத்தடிக்கே திரும்பிக் கசிகிறது. ஊர்க்கிணறுகள் இதனால் கெடுகின்றன.

போராட்டம் வந்தால் ஊரடங்கு லே நகரத்துக்குத்தான் முதலில் வரும். எல்லாப் பாதையும் லே வழியே என்பதால் மொத்தப் பயணமும் தடைபடும். கையில் இரண்டு நாள் உபரி, ரொக்கம், போனில் பதிவிறக்கிய வரைபடம் மூன்றும் வேண்டும். இணையம் நின்றால் யுபிஐ நின்றுவிடும். ஊர்வலத்தைப் படமெடுக்கக் கூட்டத்துக்குள் போகாதீர்கள்.

நடுத்தர வயது, நல்ல உடல்நிலை, ஒன்பது நாளோடு இரண்டு நாள் உபரி, அவசரத்துக்குக் கூடுதல் விமானக் கட்டணம் கொடுக்கும் வசதி: இவ்வளவும் இருந்தால் லடாக்குக்கு நிகர் எதுவும் இல்லை.

## ஸ்பிதி

அரசியல் காரணத்தால் முறியும் வாய்ப்பு மூன்றில் இங்கே மிகக் குறைவு. ஆனால் ஏதாவது ஆனால் உதவி வெகுதூரம். லேயில் பெரிய மருத்துவமனையும் விமான நிலையமும் இருக்கின்றன. காஜாவில் இருப்பது சமுதாய சுகாதார நிலையம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மணாலிக்கோ ரெக்காங் பியோவுக்கோ நாள் முழுக்க மலைச்சாலை. நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு ஸ்பிதி "பாதுகாப்பான மாற்று" ஆகாது.

சிம்லா வழியாக உள்ளே போய் மணாலி வழியாக வெளியே வாருங்கள். நார்கண்டா, கல்பா, தாபோ, காஜா என்று தூங்கும் உயரம் நிதானமாக ஏறும். தலைகீழாகப் போனால், 2,050 மீட்டர் மணாலியிலிருந்து கிளம்பி முதல் இரவே 4,200 மீட்டருக்கு மேல் உள்ள சந்திரதால் ஏரி முகாமில் படுக்க நேரிடும். நோய்வாய்ப்படும் பலரும் இப்படிப் போனவர்களே. சந்திரதாலைக் கடைசி இரவுக்கு வையுங்கள். குன்ஜும் கணவாய் ஜூன் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடும். மூடியிருந்தால் வந்த வழியே சிம்லாவுக்குத் திரும்ப இரண்டு நாள் கூடுதல்.

ஜூலை, ஆகஸ்டில் சிம்லா வழியில் வரும் கின்னௌர் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். நிகுல்சாரி, மல்லிங் நாலா பகுதிகளில் பாறை சரிவது வழக்கம். ஜூன் பாதி வரை அல்லது செப்டம்பர் நல்லது. தினம் எட்டு மணி நேரம் காரில் இருப்பதால் முதுகுவலிக்காரர்களும் குழந்தைகளும் தவிப்பார்கள். செலவில் பெரும்பகுதி வண்டிக்கே போகும். நால்வர் சேர்ந்தால் கட்டுப்படியாகும், இருவருக்கு லடாக்கைவிட மலிவு என்று சொல்ல முடியாது.

## பணம் கட்டும் வரிசை

முதலில் போன். காஷ்மீருக்கோ லடாக்குக்கோ போகிறீர்கள் என்றால் குழுவில் ஒருவராவது ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். உடனே திரும்பவும் ப்ரீபெய்டுக்கு வர முடியாது, அதனால் எல்லோரும் மாற வேண்டியதில்லை. விமானம் அடுத்து. தேதி மாற்றக் கட்டணம் குறைந்த வகையில் எடுங்கள், இங்கே அதற்குக் கொடுக்கும் கூடுதல் தொகை வீண்போகாது. தங்குமிடத்தைக் கடைசியில் போடுங்கள், முதல் இரண்டு இரவுக்கு மட்டும் முன்பணம்.

பயணக் காப்பீடு எடுத்தால் விலக்குகள் பகுதியைப் படியுங்கள். போர், கலவரம், அரசின் தடை உத்தரவு ஆகியவற்றால் ரத்தானால் பல பாலிசிகள் பணம் தராது. உயரத்துக்கும் வரம்பு இருக்கும். எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே காஷ்மீருக்குப் பதிவு செய்துவிட்டு, செய்தி பார்த்துப் பயந்து லடாக்குக்கு மாற்ற நினைப்பவர்கள் சற்று நில்லுங்கள். ஏழு நாள் காஷ்மீர் விடுப்பை ஏழு நாள் லடாக்காக மாற்றினால் 48 மணி நேர ஓய்வு போய்விடும். பாதுகாப்பு வேண்டும் என்று மாற்றி, அதைவிட நிச்சயமான ஆபத்தை விலைக்கு வாங்குகிறீர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ரத்து செய்வதானாலும் ஸ்ரீநகர் விடுதிக்காரருக்கு நேரடியாக போன் செய்து, முன்பணத்தை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள்.